டப்பா மூடியில் ஒரு பிடி சோறு

கைப்பேசி சத்தம் போடாமல் புனிதா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கமாட்டாள். தெலுக் பங்லிமா காராங்கில் அவள் வேலை செய்கிற ஒயர் ஃபேக்டரியில் இது எல்லோரும் அறிந்த கூத்து. மதிய மணி அடித்ததும் மற்றவர்கள் கேண்டீன் பெஞ்சில் இடம் பிடித்து, டப்பாவைத் திறந்து, பாதி சோற்றை உள்ளே தள்ளியிருப்பார்கள். இவள் மட்டும் டப்பாவின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கைப்பேசியை முறைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மெஷினில் வேலை செய்யும் ரமணி, "இவ சோத்துக்கு சிக்னல் வரணும் லா" என்று வாய் ஓயாமல் கிண்டல் செய்வாள். புனிதா அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

சிக்னல் வரும். செமினியில் அவள் மகள் மாதவி படிக்கிற தனியார் கல்லூரியிலிருந்து வரும். உங்கள் பிள்ளை மாதவி மதிய உணவு எடுத்துக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. மாதவி சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இருக்கும் மெஷினில் தன் கார்டை வைத்தால், அந்த நொடியே அம்மாவின் கைப்பேசி கத்தும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்த வரியைப் படித்த பிறகுதான் புனிதாவுக்குப் பசி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.

அந்தக் கல்லூரியில் ஹாஸ்டலில் தங்குகிற எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்தே ஆகவேண்டும். சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, செமஸ்டர் தொடங்கும்போதே மொத்தமாகக் கட்டிவிட வேண்டும், ஒரு சென் திரும்ப வராது. பிள்ளைகளைச் சேர்த்த அன்று பெற்றோர் கூட்டத்தில் இதற்காக ஒரே ரகளை. வெளியே மாமாக் கடையில் பாதிக் காசுக்கு வயிறாரச் சாப்பிடலாமே, இது பகல் கொள்ளை இல்லையா என்று ஆளாளுக்கு எழுந்து நின்று கத்தினார்கள். மாதவியே அம்மாவின் கையைச் சுரண்டி, "மா, சோறு கல்லு மாதிரி இருக்குமாம். சீனியர்ஸ் சொல்றாங்க" என்றாள். அத்தனை பேர் முகமும் கடுகடுவென்று இருந்த அந்த மண்டபத்தில் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள் புனிதாதான். கைப்பேசிக்குச் செய்தி வரும் என்று அவர்கள் சொன்னதுமே அவள் மனம் முடிவு செய்துவிட்டது. சோறு எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், அவள் காசு கட்டியது அந்தச் சத்தத்துக்கு.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவள் புருஷன் பழனியப்பன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினான். சர்க்கரைக்காரன். ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒருநாள் மதியம் ஊசியைப் போட்டுக்கொண்டான், லோரி வரிசையில் மாட்டிக்கொண்டது, டப்பா திறக்கப்படாமலே பக்கத்து சீட்டில் கிடந்தது. வழக்கம்போலப் புனிதா ஃபோன் போட்டுச் சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். "ஆச்சு" என்றான். கொஞ்சம் இழுத்து, களைத்துப்போன குரலில், பேச்சை முடித்துக்கொள்ள நினைக்கிறவன் சொல்வதுபோல ஒரு ஆச்சு. அவளும் சரி என்று வைத்துவிட்டாள். பின்னாலிருந்த லோரிக்காரர்கள் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து, இறங்கி வந்து கதவைத் திறந்தபோது அவன் ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்தான். அன்றிலிருந்து புனிதா மனிதர்கள் வாயால் சொல்லும் ஆச்சை நம்புவதில்லை. மெஷின் பொய் சொல்லாது என்று நினைத்தாள்.

பழனியப்பன் போன பிறகு வருஷம் முழுக்க அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஃபேக்டரியில் டப்பாவைத் திறந்ததும் முதல் பிடிச் சோற்றை எடுத்து மூடியில் வைப்பாள். "வாங்க, சாப்பிடுங்க" என்று மெல்லச் சொல்வாள். சாப்பிட்டு முடித்ததும் அந்தச் சோற்றைக் கொண்டுபோய்ப் பின்பக்கச் சுவரில் காக்காய்க்கு வைப்பாள். படையல் போட்டுப் போனவர்களைக் கூப்பிடுகிற முறைதான் அது. யாரும் தப்பாக நினைக்கவில்லை.

தப்பு பிறகு நடந்தது. மாதவி ஹாஸ்டலுக்குப் போன முதல் நாள், புனிதாவுக்கு வீடும் மனமும் வெறிச்சென்று இருந்தது. கேண்டீனில் பழக்க தோஷத்தில் கை தானாக ஒரு பிடிச் சோற்றை எடுத்து மூடியில் வைத்தது. வாயில் வந்த பெயர் மட்டும் மாறிப்போனது. "மாதவி, வாம்மா, சாப்பிடு" என்றாள். சொன்னதும் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. மறுநாளும் சொன்னாள். அதுவே வழக்கமாகிவிட்டது. சத்தம் வரும், செய்தியைப் படிப்பாள், மூடியில் ஒரு பிடி வைப்பாள், மகளைக் கூப்பிடுவாள், பிறகு சாப்பிடுவாள். ராத்திரி ஃபோனில் இதையெல்லாம் மகளிடமும் ஒன்று விடாமல் சொல்வாள்.

ரமணி ஒருநாள் இதைக் காதால் கேட்டுவிட்டாள். கையில் இருந்த சோற்றை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டாள். முகத்தில் கிண்டல் சுத்தமாக இல்லை.

"புனிதா, இது உன் புருஷனுக்கு வச்ச மூடிதானே? பச்சப் புள்ளையப் போய் இதுல வச்சுக் கூப்பிடறியே, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? சோத்த வச்சுப் பேரச் சொல்லிக் கூப்பிடறது போனவங்கள. உசுரோட இருக்கறவங்கள நேர்ல போய்க் கூப்பிடணும்."

பெற்றவளுக்கு எந்தச் சாஸ்திரமும் கிடையாது என்று புனிதா மழுப்பினாள். ரமணி விடவில்லை. கூப்பிட்டால் யாராவது வருவார்கள், மாதவிதான் வருவாள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டாள். புனிதா நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனாலும் மறுநாள் சோற்றை மூடியில் வைக்காமல் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு வாய்கூட இறங்கவில்லை. நிறுத்தினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. ரமணி பார்க்காத பக்கமாகத் திரும்பி ஒரு பிடி வைத்தாள், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

இரண்டாவது செமஸ்டர் பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மாதவி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றாள். காய்ச்சல் என்றாள். கதவைத் திறந்த புனிதா மகளை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, சட்டை கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து ஏமாந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வேளையும் சாப்பிடுகிற பிள்ளை எப்படி இப்படி ஆகும்? மாதவி போய்ப் படுத்துத் தூங்கிப்போனாள். புனிதா ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.

மதியம் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த கைப்பேசி சத்தம் போட்டது.

பழக்கத்தில் எடுத்துப் பார்த்தாள். உங்கள் பிள்ளை மாதவி மதிய உணவு எடுத்துக்கொண்டார்.

அவள் திரும்பி அறையைப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. மாதவி சுவர்ப்பக்கம் முகத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புனிதா கைப்பேசியை இன்னொரு தடவை படித்தாள். தேதி சரி, பெயர் சரி. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை.

மெதுவாக அறைக்குள் போய் மகளின் பையைத் திறந்தாள். யாரோ கார்டை எடுத்துவிட்டார்கள் என்று இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேதான் திறந்தாள். கார்டு பர்ஸுக்குள் இருந்தது. மாதவியின் படம் அதில் சிரித்துக்கொண்டிருந்தது. படத்தில் கன்னம் உப்பியிருந்தது. கட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அந்தக் கன்னம் இல்லை.

சாயங்காலமும் சத்தம் வந்தது. மறுநாள் காலையிலும் வந்தது. மாதவி எழுந்து உட்கார்ந்து கஞ்சியை ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தபோது புனிதா கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினாள். மகள் முகம் வெளுத்துப்போனது. சிஸ்டம் எரர் லா, மா, அடிக்கடி இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். கிண்ணத்தில் கஞ்சி அப்படியே இருந்தது.

அன்று முழுக்கப் புனிதாவின் தலைக்குள் ரமணியின் பேச்சே ஓடிக்கொண்டிருந்தது. தினம் தினம் போனவனுடைய மூடியில் சோற்றை வைத்து மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. ஏதோ ஒன்று வந்துவிட்டது. வந்தது மாதவி என்ற பெயரில் அங்கே உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுகிறது, இங்கே பெற்ற பிள்ளை எலும்பும் தோலுமாகக் கரைகிறது. பைத்தியக்கார நினைப்பு என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா என்ன!

திங்கட்கிழமை மகளுக்குக் காவலாக ரமணியை லீவு போட்டு வரச்சொல்லிவிட்டு, தன் பழைய காரை எடுத்துக்கொண்டு செமினிக்குப் புறப்பட்டாள். காஜாங் வரை வழியெல்லாம் நெரிசல். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு தொடங்கியிருந்தது. பெற்றோர் என்றதும் காவலாளி உள்ளே விட்டான்.

சாப்பாட்டுக் கூடம் பெரியது. அத்தனை பிள்ளைகள் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை. எல்லோரும் ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் கைப்பேசி, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் ஸ்பூன் படுகிற ஒலி மட்டும் கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை. புனிதா வாசலில் ஒரு தூண் ஓரமாக நின்று வரிசையைப் பார்த்தாள். யாரைத் தேடுகிறோம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அவள் கைப்பைக்குள் சத்தம் வந்தது.

எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே என்ன எழுதியிருக்கும் என்று தெரியும். தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மெஷினைத் தாண்டி ஒரு பெண் தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தாள். பின்பக்கம்தான் தெரிந்தது. மாதவி பின்னுவது போல ஒற்றைப் பின்னல். மேலே நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சட்டை. போன தீபாவளிக்குக் கிள்ளான் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி மாதவிக்கு அவள் வாங்கிக் கொடுத்த சட்டை அது.

சோறு போடும் இடத்தில் வலை போட்ட தலையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தாள். சட்டையில் டொரத்தி என்று பெயர் குத்தியிருந்தது. புனிதா போய் அவளிடம் அந்தப் பெண் யார் என்று கேட்டாள்.

"அதுவா? மாதவி. தங்கமான புள்ள அக்கா. இங்க எல்லாரும் பாதியக் கொட்டிட்டுப் போவாங்க, அது ஒரு பருக்க விடாது. ஒரு வேள தப்பாது. மொதல்ல ஒரு பிடி எடுத்துத் தட்டு ஓரமா வைக்கும், அம்மா சாப்பிடுங்கன்னு சொல்லும், அப்பறம்தான் வாயில வைக்கும்."

டொரத்தி பாராட்டாகத்தான் சொன்னாள். புனிதாவுக்கு ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வீட்டில் கிடக்கும் பிள்ளையின் கழுத்தெலும்பு கண்ணுக்குள் வந்தது. வருவது வரட்டும் என்று நடந்தாள். மூலை மேசையில் அந்தப் பெண்ணுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். மாதவியின் முகம் இல்லை. மாநிறம், அகலமான கண், மேல் உதட்டில் ஒரு தழும்பு. மாதவி வைக்கும் இடத்தில் மாதவி வைக்கும் அளவில் ஒரு கறுப்புப் பொட்டு. பயந்து எழுந்திருப்பாள் என்று புனிதா எதிர்பார்த்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டது போலப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களாம்மா" என்றாள்.

இந்த ஊரில் தோழியின் அம்மாவை எந்தப் பெண்ணும் அம்மா என்று கூப்பிடுவதில்லை, ஆன்டி என்பாள். நீ யார் என்று புனிதா கேட்டாள். குரல் அதட்டலாக வரவில்லை, கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவள் பெயர் வாணி. முதல் செமஸ்டரில் மாதவியின் அறைத் தோழி. அம்மா செத்துப்போய் அப்பா வேறு குடும்பம் நடத்துகிறார். ஒரு செமஸ்டருக்குக் கட்டிவிட்டு, அதோடு ஃபோன் நம்பரையும் மாற்றிக்கொண்டார். கல்லூரி பெயரை அடித்துவிட்டது. போக்கிடம் இல்லாமல் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நிற்கிறாள், ராத்திரியில் மாதவியின் அறையில் வந்து படுத்துக்கொள்கிறாள். கார்டு தொலைந்துவிட்டது என்று சொல்லி மாதவி புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு, பழையதை இவளிடம் கொடுத்துவிட்டாள். பழைய கார்டை இங்கே யாரும் நிறுத்தவில்லை. சட்டையும் மாதவி கொடுத்ததுதான். அவளுக்கு ரொம்பத் தொளதொளவென்று ஆகிவிட்டதாம்.

எல்லாம் கணக்காகப் பொருந்தியது. பேயும் இல்லை பிசாசும் இல்லை, பசித்த ஒரு பெண். புனிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் கூடவே வந்தது. அப்படியானால் என் பிள்ளை எதைச் சாப்பிட்டாள், நீ சாப்பிட்டாய் சரி, அவள் என்ன ஆனாள் என்று கேட்டாள்.

வாணி தட்டைப் பார்த்தாள்.

"அவளுக்கு எறங்கலம்மா. கார்டு வச்சாதான் நீங்க டப்பாவத் தொறப்பீங்கன்னு அவளுக்குத் தெரியும். நீங்க அங்க காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சா வாயில வச்சது உள்ள போகாது, வாந்தி வந்துரும். சாப்பிடாம இருந்தா நீங்களும் பட்டினி. அதான் என்னைச் சாப்பிடச் சொன்னா. நான் நேரம் தவறமாட்டேன்மா. உங்களுக்கு லேட்டாயிரக் கூடாதுன்னு மணி அடிச்சதும் மொத ஆளா வந்து நின்னுருவேன்."

அப்போதுதான் தட்டின் ஓரம் புனிதாவின் கண்ணில் பட்டது. ஒரு பிடிச் சோறு தனியாக இருந்தது. அது யாருக்கு என்று கேட்டாள். முன்பு செத்துப்போன அம்மாவுக்கு வைத்துக்கொண்டிருந்தாளாம். புனிதா மூடியில் சோறு வைத்து மகளைக் கூப்பிடுவதை மாதவி சொன்ன பிறகு, இப்போது புனிதாவுக்கும் சேர்த்தே வைக்கிறாளாம்.

"நீங்க கூப்பிடறது மாதவியத்தான்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நேரத்துக்கு இங்க வந்து உக்கார்றது நான்தானேம்மா. யாரோ கூப்பிடற மாதிரியே இருக்கும்" என்று சொல்லி, சிரித்தாள்.

கூடத்தில் ஸ்பூன் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற தன்னை, செத்துப்போன ஒருத்தியோடு சேர்த்து, இந்தப் பெண் தினமும் சோறு வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். தானும் இவளைக் கூப்பிட்டிருக்கிறோம், தெரியாமல். புனிதா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். கார்டைப் பிடுங்கத்தான் கை நீண்டது. தட்டில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையை அந்தப் பெண் விரலால் தொட்டு எடுப்பதைப் பார்த்ததும் கை தானாகத் திரும்பிவிட்டது. கார்டை நீயே வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். டொரத்தியிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு வந்து சேரும்வரை அழுதாள். ஆச்சு என்று பொய் சொன்ன புருஷனை இத்தனை நாளும் மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள். மகளும் அதே பொய்யை மெஷினை விட்டுச் சொல்லியிருக்கிறாள், அதுவும் அம்மா வயிறு காயக்கூடாது என்று. தன் பயத்தைச் சோற்றில் பிசைந்து ஊட்டியது தான்தான் என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. பணத்தைக் கட்டி வாங்கிய அந்தச் சத்தம் தன் பிள்ளையின் தொண்டையைத்தான் அடைத்திருக்கிறது.

வீட்டில் ரமணி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், மாதவி படுத்திருந்தாள். புனிதா எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றும் கேட்கவில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, நெத்திலி சம்பல் செய்து, தனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, அறைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தான் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்தாள். மாதவி பிறந்த நாளிலிருந்து மகள் சாப்பிடுவதற்கு முன்னால் அவள் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. முதல் கவளம் முள் மாதிரி இறங்கியது. ரமணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். புனிதா பாதித் தட்டைக் காலி செய்த பிறகு மாதவி எழுந்து வந்தாள். அம்மா தன்னைப் பார்க்கவே இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஒரு தட்டை எடுத்தாள்.

அன்றைக்கு அவள் சாப்பிட்டது கொஞ்சம்தான். ஆனால் வாந்தி வரவில்லை.

அதற்கப்புறம் புனிதா மூடியில் சோறு வைப்பதை விட்டுவிட்டாள். ஃபேக்டரியில் மணி அடித்ததும் டப்பாவைத் திறப்பாள். பாதி சாப்பாட்டில் கைப்பேசி சத்தம் போடும். உங்கள் பிள்ளை மாதவி மதிய உணவு எடுத்துக்கொண்டார். சரி, அந்தப் பெண் சாப்பிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். மாதவி திரும்பிப் போய் மாமாக் கடையில் ரொட்டி, மீ நூடுல்ஸ் என்று இஷ்டத்துக்குச் சாப்பிட்டாள், கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அந்தத் திட்டத்துக்குக் கொட்டிய காசு தகுமா தகாதா என்று ரமணி ஒருநாள் கேட்டாள். புனிதா சற்று யோசித்துவிட்டு, யாருக்கு என்று கேட்டாள்.

செமஸ்டர் முடிந்தது. திட்டமும் அதோடு சரி. ஹாஸ்டலை மூடினார்கள், மாதவி மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வந்தாள். வாணி சிரம்பானில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறாள் என்று சொன்னாள். விடுமுறையின் மூன்றாம் நாள் மதியம் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோழிக் குழம்பு. மாதவி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். புனிதா அதைப் பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி சத்தம் போட்டது.

உங்கள் பிள்ளை மாதவி மதிய உணவு எடுத்துக்கொண்டார்.

மாதவி எட்டிப் பார்த்தாள். சாப்பிடுவதை நிறுத்தினாள். "டைனிங் ஹால் பூட்டிட்டாங்களேம்மா. மெஷினையே கழட்டி எடுத்துட்டுப் போனாங்க, நான் பாத்தேன்" என்றாள்.

அந்தச் செய்தி எப்படி வந்தது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பிறகு கல்லூரியில் விசாரித்தபோது அன்றைக்கு எங்களிடமிருந்து எதுவும் போகவில்லை என்று அடித்துச் சொன்னார்கள். ஆனால் அந்த நிமிஷம் புனிதாவுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. ரமணி கேட்ட கேள்விதான் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. கூப்பிட்டால் யாராவது வருவார்கள். இன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை, இருந்தும் வந்திருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் இப்படியா வருவார்கள்?

"வாணிக்குப் போன் போடு" என்றாள்.

மாதவி எச்சில் கையோடு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அதுவும் அடித்து ஓய்ந்தது. புனிதா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, முருகா முருகா என்று வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தாள். பெறாத பிள்ளைக்காக அவள் வயிறு அப்படித் துடிக்கும் என்று அவளே நினைத்திருக்கமாட்டாள். மூன்றாவது தடவை வாணி எடுத்தாள்.

சித்தி வீட்டில் இருப்பதாக வாணி சொன்னாள். பின்னால் காஜாங், காஜாங் என்று பஸ்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கல்லூரிக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில் தினமும் கேட்கிற சத்தம் அது என்று மாதவிக்குத் தெரியும். பஸ் ஒன்று சீறிக்கொண்டு நின்றது.

"வாணி, சாப்ட்டியாம்மா?" என்று புனிதா குனிந்து கேட்டாள்.

பஸ் நகர்ந்து போகிற சத்தம் கேட்டது.

"ஆச்சும்மா."

கொஞ்சம் இழுத்து, களைத்துப்போய், பேச்சை முடித்துக்கொள்ள நினைக்கிறவர் சொல்வது போல. புனிதாவுக்கு அந்த ஆச்சு தெரியும். ஒரு தடவை அதைக் கேட்டுச் சரி என்று சொல்லி ஃபோனை வைத்திருக்கிறாள்.

அவள் எழுந்து கையைக் கழுவினாள். சமையல்கட்டிலிருந்து தன் ஃபேக்டரி டப்பாவை எடுத்துச் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, மூடியை இறுக்கி மூடினாள். மூடியில் ஒன்றும் வைக்கவில்லை. இவ்வளவு தூரம் போகவேண்டுமா, இன்னொரு தடவை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாமா என்று மாதவி தயங்கினாள்.

"ஃபோன்ல கூப்பிட வேணாம். அங்கேயே நிக்கச் சொல்லு" என்று புனிதா கார்ச்சாவியை எடுத்தாள். "நேர்ல போய்க் கூப்பிடுவோம்."